டாங்கியில் சிக்கனம் செய்யுங்கள், பேட்டரியில் வேண்டாம்

ஒரே மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள். "சார், ரிமோட்டில் ஓடுகிற டாங்கி ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். எதை வாங்குவது?" இருவர் பேரனுக்கு என்றார்கள். நான் நம்பவில்லை. மூன்றாமவர் தனக்குத்தான் என்று நேராகச் சொன்னார். அவருக்குத்தான் முதலில் பதில் சொல்லத் தோன்றியது. அவருக்குச் சொன்னதை இங்கே எல்லாருக்கும் எழுதி வைக்கிறேன்.

ஆவடிக்காரருக்கு இப்படி ஒரு ஆசை வருவதில் வியப்பில்லை. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை இங்கே வந்தது. 1965இல் விஜயந்தா வெளியே வந்தது. அப்புறம் டி-72 அஜேயா, டி-90 பீஷ்மா, அர்ஜுன். (டாங்கித் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்தான் ஆவடி என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1955இல் காங்கிரஸ் மாநாடு நடந்தபோதே ஊர் பெயர் ஆவடிதான். தொழிற்சாலை வந்தது ஆறு வருடம் கழித்து.) லேத்தில் ஒரே பாகத்தை முப்பது வருடம் கடைந்து கொடுத்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். முழு வண்டியை ஒரு தடவைகூட ஓட்டிப் பார்த்ததில்லை. அவர்கள் ஒரு சின்ன டாங்கியைத் தரையில் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் சிரிக்க என்ன இருக்கிறது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் டாங்கி சாதாரணமானதாக இருக்கட்டும். அதில் மிச்சமாகும் பணம் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் போகட்டும். நூறு ரூபாய் வைத்திருந்தால் எழுபதுக்கு மேல் டாங்கிக்குப் போகக்கூடாது. அந்தப் பேட்டரியும், நம் வயதுக்காரர் வீட்டில், லித்தியமாக இருக்க வேண்டாம், நிக்கலாக இருக்கட்டும். இளைஞர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் வாதத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஏன் டாங்கி, கார் ஏன் இல்லை என்று கேட்பார்கள். ரிமோட் கார் கண்மூடித் திறப்பதற்குள் சுவரில் மோதும். நம் விரலும் கண்ணும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ட்ரோனுக்கு 2021 ட்ரோன் விதிகள் இருக்கின்றன. ராணுவ இடங்கள் நிறைந்த நம் ஊரில் அதை நினைத்தே பார்க்க வேண்டாம். டாங்கி நிதானமான வண்டி. சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும் டி-90ஐப் பதினாறில் ஒரு பங்காக்கினால் மணிக்கு நாலு கிலோமீட்டருக்கும் குறைவு. நாம் காலையில் நடக்கிற வேகம்தான். நின்ற இடத்திலேயே திரும்பும். ஒரு பக்கச் சங்கிலி முன்னே போக, மறுபக்கம் பின்னே போனால் வண்டி சுழல்கிறது. அதைப் பழகவே ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் நல்ல பொழுதுபோக்கு.

அளவைப் பொறுத்தவரை 1/16 என்று போட்டிருப்பதையே வாங்குங்கள். உண்மையான டி-90 பீரங்கிக் குழாயோடு சேர்த்து சுமார் 9.6 மீட்டர் நீளம். 16ஆல் வகுத்தால் 60 சென்டிமீட்டர். அகலம் 24 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அலமாரியின் மேல்தட்டில் உட்காரும். இதைவிடச் சிறியவையும் கிடைக்கின்றன, விலையும் குறைவு. ஆனால் அவற்றின் திருகுகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டும் பார்க்க முடியாது. உதிரிப் பாகம் கிடைப்பதும் 1/16க்குத்தான் அதிகம். பழுது பார்க்க முடியாத பொருளை வாங்குவது நம் தலைமுறைக்குப் பழக்கமில்லாத காரியம்.

எடையில் ஒரு வேடிக்கை உண்டு. டி-90இன் எடை 46.5 டன். நீளத்தை 16ஆல் வகுத்தது போல எடையையும் வகுத்து, சின்ன டாங்கி மூன்று டன் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடக்கூடாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் 16ஐ மூன்று முறை பெருக்கி, 4096ஆல் வகுக்க வேண்டும். அப்போது 11 கிலோ சொச்சம் வரும். கடையில் வரும் பிளாஸ்டிக் டாங்கி நாலு கிலோவுக்குள் அடங்கிவிடும். அதனால்தான் அது நிஜ டாங்கி மாதிரி கனமாக அசையாமல் கொஞ்சம் துள்ளித் துள்ளிப் போகிறது. இந்தத் துள்ளலைப் பார்த்துவிட்டுத்தான் பலர், "எல்லாமே மெட்டலில் வருகிற வண்டியை வாங்கிவிடலாமே" என்று நினைக்கிறார்கள். முதல் வண்டிக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி.

காரணம் இருக்கிறது. நம் ஊரில் முதல் டாங்கி என்றால் பெரும்பாலும் சீனாவின் ஹெங் லாங் நிறுவனத்துடையதாக இருக்கும். ஒரே டாங்கியை இரண்டு மூன்று தரத்தில் விற்கிறார்கள். முழுக்கப் பிளாஸ்டிக்; கியர் மட்டும் மெட்டல்; சங்கிலி, சக்கரம் எல்லாமே மெட்டல். நடுவில் இருப்பதை எடுங்கள். கியர் மெட்டலாக இருப்பது அவசியம். முழு இழுவையும் அதன் பல்லில்தான் விழுகிறது. சங்கிலி மெட்டலாக இருப்பது அவசியமில்லை. எடை கூடும், மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும், பேட்டரி சீக்கிரம் தீரும். அதைவிட முக்கியம், கூடத்தில் போட்டிருக்கும் டைல்ஸில் கோடு விழும். வீட்டில் அந்த ஒரு கோடு போதும், டாங்கி பரணுக்குப் போய்விடும். பிளாஸ்டிக் சங்கிலியோடு ஒரு வருடம் ஓட்டுங்கள். ஆசை அடங்கவில்லை என்றால் சங்கிலியை மட்டும் பிறகு தனியாக வாங்கி மாட்டலாம்.

ஜப்பானின் தமியா நிறுவனமும் 1/16 டாங்கி செய்கிறது. அருமையான வேலைப்பாடு. ஆனால் அது பாகம் பாகமாக வரும். நாம்தான் கோர்க்க வேண்டும். ரிமோட், பேட்டரி, சார்ஜர் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். விலையும் பல மடங்கு. அதை இரண்டாவது டாங்கியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த டாங்கி என்பதில் மனசு சொல்வதைக் கேளுங்கள் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நான் சக்கரத்தைப் பாருங்கள் என்பேன். ஜெர்மானிய டைகர், பேன்தர் இரண்டும் படத்தில் கம்பீரமாக இருக்கும். அவற்றின் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். இடுக்கில் மணலும் முடியும் நூலும் சிக்கினால் எடுப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ரஷ்யாவின் டி-34, அமெரிக்காவின் ஷெர்மன் இரண்டிலும் சக்கரங்கள் தனித்தனியாக இருக்கும். பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்று போதும், துடைத்துவிடலாம். நம் ஊர்க்காரருக்கு டி-72, டி-90 இரண்டும் அந்த நிறுவனத்தின் பட்டியலிலேயே இருக்கின்றன. பீரங்கிக் குழாய் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். திரும்பும்போது நாற்காலிக் காலில் இடிக்கும். அவ்வளவுதான் குறை. ஆவடியில் இருந்துகொண்டு டைகர் வாங்குவானேன்?

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். பல டாங்கிகள் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு சுடும். குழந்தைகள் வந்து போகிற வீட்டில் அது கூடாது. கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரால் "சுடுகிற" வகை வருகிறது. இரண்டு டாங்கி இருந்தால் ஒன்றையொன்று சுட்டு விளையாடலாம். அதைக் கேட்டு வாங்குங்கள். ரெண்டும் சேர்ந்தே வந்தால் குண்டுப் பையை அன்றைக்கே குப்பையில் போடுங்கள். அடுத்தது, பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டோடு யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். இப்போது வருவதெல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ். பக்கத்தில் நாலு பேர் ஓட்டினாலும் ஒன்றோடொன்று குழம்பாது, உரிமமும் தேவையில்லை.

இனி பேட்டரி. கடைக்காரர்கள் கடைசியில் போகிற போக்கில் சொல்வதும் இதைத்தான், வீட்டில் பிரச்சினை வருவதும் இதில்தான்.

பேட்டரியின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வோல்ட் என்பது தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. குழாயில் வரும் வேகம் அதைப் பொறுத்தது. எம்ஏஹெச் என்பது தொட்டி எவ்வளவு கொள்ளும் என்பது. 1800 எம்ஏஹெச் என்றால், 1.8 ஆம்பியர் வீதம் இழுத்தால் ஒரு மணி நேரம் வரும். டாங்கி சராசரியாக 3 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால் 36 நிமிடம். மெட்டல் சங்கிலி, புல்தரை, புகை விடும் கருவி எல்லாம் சேர்ந்தால் இன்னும் குறையும். (புகைக் கருவி அழகுதான். உள்ளே எண்ணெயைச் சுடவைக்கிற கம்பி அது. வீட்டுக்குள் அணைத்தே வையுங்கள்.)

இப்போது டாங்கியோடு பெட்டியில் வருவது பெரும்பாலும் 7.4 வோல்ட், 1800 எம்ஏஹெச் லித்தியம் அயான். இரண்டு செல், ஒவ்வொன்றும் 3.7 வோல்ட். நிரம்பினால் செல்லுக்கு 4.2, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விட்டால் செல் கெடும். நிக்கல் வகையில், அதாவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடில், செல்லுக்கு 1.2 வோல்ட். ஆறு செல் சேர்த்தால் 7.2. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம்தான். எனவே பெரும்பாலான டாங்கிகளின் போர்டு இரண்டையும் ஏற்கும். ஆனாலும் வாங்குமுன், "7.2 வோல்ட் நிக்கல் போடலாமா?" என்று கடைக்காரரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இளைஞர்கள் வாதம் இது. லித்தியம் எடை குறைவு. மாதக்கணக்கில் வைத்தாலும் சார்ஜ் இறங்காது. கடைசிவரை ஒரே வேகத்தில் ஓடும். மூன்றும் உண்மை. நானும் மறுக்கவில்லை. சாதாரண நிக்கல் பேட்டரியைச் சென்னை வெயிலில் ஒரு மாதம் சும்மா வைத்தால் கணிசமாக இறங்கித்தான் போகும்.

ஆனால் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? நம்மில் பலர் வீட்டில் இரண்டே பேர். மூன்றாவது மாடி. சாயங்காலம் ஏழு மணிக்குப் பேட்டரியைச் சார்ஜில் போடுகிறோம். சீரியல் பார்க்கிறோம், சாப்பிடுகிறோம், மாத்திரை போட்டுக்கொள்கிறோம், படுத்துவிடுகிறோம். சார்ஜர் அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. லித்தியம் செல்லில் உள்ளே கோளாறு வந்தால் அது சூடாகி, அந்தச் சூட்டாலேயே மேலும் சூடாகி, தீயைக் கக்கும். தண்ணீர் ஊற்றி அணைத்தாலும் மறுபடி பற்றக்கூடும். அந்த நேரத்தில் முழங்கால் வலியோடு மூன்று மாடி இறங்க வேண்டியவர் யார்?

நிக்கலும் சாதுவல்ல. சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் தொட்டுக்கொண்டால் கம்பி பழுத்துவிடும். தவறான சார்ஜரில் போட்டால் கொதிக்கும். ஆனால் மறதியை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். லித்தியம் பொறுக்காது. என் கருத்துக்கு அடிப்படை இந்த ஒன்றுதான்.

இதில் இன்னொரு சிக்கல், நம் பழக்கம். மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினோம். அந்த ஈய பேட்டரியை எப்போதும் நிறைத்தே வைக்க வேண்டும். காலியாக விட்டால் கெட்டுப் போகும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி ஊற்றி அந்தப் பாடம் நமக்குள் ஊறிவிட்டது. லித்தியத்துக்கு அது நேர்மாறு. முழுக்க நிறைத்து, மே மாத வெயிலில், பரணில் வைத்தால் சீக்கிரம் கிழடாகிவிடும். பாதி அளவில், குளிர்ச்சியான இடத்தில் வைப்பதுதான் அதற்கு நல்லது. "அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேரன் வருவான், இப்போதே ஃபுல் பண்ணி வைத்துவிடுவோம்" என்கிற நம் முன்யோசனை அங்கே வேலைக்கு ஆகாது.

ஆகவே வாங்க வேண்டியது: 7.2 வோல்ட், 3000 எம்ஏஹெச் அளவில் நிக்கல் பேட்டரி, இரண்டு. ஒன்று ஓடும்போது மற்றொன்று ஆறிக்கொண்டிருக்கும். 5000 என்று போட்டிருப்பதற்கு ஓடாதீர்கள். ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரம் குனிந்து நிற்க யாருக்கு முடியும்? மோட்டாரும் இடையில் ஆற வேண்டும். வாங்குமுன் டாங்கியின் அடியில் இருக்கும் பேட்டரி அறையை ஸ்கேலால் அளந்துகொண்டு போங்கள். பிளக்கும் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்று வேறு பிளக் மாற்றுகிறவர்கள் சிவப்பு, கறுப்பு இடம் மாறாமல் பார்க்க வேண்டும். மாற்றி மாட்டினால் போர்டு அந்த நொடியே போய்விடும்.

எண்ணைப் பார்த்தும் மயங்காதீர்கள். உருளை வடிவ லித்தியம் செல் ஒன்று உண்டு. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் 18650 என்று பெயர். அதில் நல்ல நிறுவனத்தின் செல்லே 3500 எம்ஏஹெச் சுற்றுவட்டாரத்தில்தான் கொள்ளும். சந்தையில் 9900 என்று அச்சடித்தவை கிடைக்கின்றன. படி அரிசி பிடிக்கிற பாத்திரத்தில் மூன்று படி போட்டேன் என்கிற கதை அது. அப்படி அச்சடித்திருக்கும் கடையில் வேறெதையும் வாங்காமல் வந்துவிடுவது நல்லது.

சார்ஜர்தான் பேட்டரியைவிட முக்கியம். பெட்டியோடு வரும் சின்ன சார்ஜரில் நிக்கலைப் போடவே கூடாது, அது லித்தியத்துக்கானது. நிக்கல் சார்ஜரில் லித்தியத்தைப் போடுவது அதைவிட ஆபத்து. நிக்கலுக்கு என்று தனி முறை இருக்கிற, பேட்டரி நிரம்பியதும் தானே உணர்ந்து நிறுத்திக்கொள்ளும் சார்ஜர் கேளுங்கள். "டெல்டா பீக்" என்று சொன்னால் கடைக்காரருக்குப் புரியும். நிரம்பும் தருவாயில் நிக்கலின் வோல்ட் ஒரு சின்ன இறக்கம் காட்டும். அதைப் பிடிப்பதுதான் அதன் வேலை. மிக மெதுவாகச் சார்ஜ் செய்தால் அந்த இறக்கம் சரியாகத் தெரியாது. 3000 எம்ஏஹெச்சுக்கு 1.5 ஆம்பியர் வைத்தால் இரண்டு மணி நேரம் சொச்சத்தில் முடியும். காலை பத்து மணிக்குப் போட்டால் சாப்பாட்டு நேரத்துக்குள் எடுத்துவிடலாம். ராத்திரியில் போடும் வழக்கமே வேண்டாம்.

போடுகிற இடம் வெறும் டைல்ஸ் தரை. கட்டில், சோபா, சமையலறை சிலிண்டர் பக்கம், பூஜை அறை விளக்குப் பக்கம் எதுவும் ஆகாது. ஓட்டி முடித்ததும் கை வைத்தால் சூடாக இருக்கும். அது ஆறிய பிறகே சார்ஜில் போட வேண்டும். சார்ஜ் முடியும்போது வெதுவெதுப்பாக இருப்பது சரி. தொட முடியாத சூடு என்றால் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிடுங்கிவிடுங்கள். டாங்கி மந்தமாகத் தொடங்கியதும் அன்றைய ஆட்டத்தை நிறுத்துங்கள். கடைசிச் சொட்டுவரை ஓட்டினால் ஆறு செல்லில் இளைத்தது முதலில் காலியாகி, மற்ற ஐந்தும் அதைத் தலைகீழாகத் தள்ளிக் கெடுக்கும்.

பெட்டியோடு வந்த லித்தியத்தை என்ன செய்வது? தூக்கி எறிய வேண்டாம். மகனோ மருமகளோ ஊருக்கு வரும்போது, அவர்கள் பக்கத்தில் இருந்து சார்ஜ் செய்து ஓட்டட்டும். உப்பியிருந்தாலோ, கீழே விழுந்து நசுங்கியிருந்தாலோ மறுபடி சார்ஜில் போடாதீர்கள். குப்பை வண்டியிலும் போடாதீர்கள். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022 விதிகள் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளிடம் சொல்லி வரவழைப்பவர்கள் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரியை விமானத்தில் பெரிய பெட்டிக்குள் போடக்கூடாது. கைப்பையில், முனைகளை மூடி எடுத்து வர வேண்டும். 7.4ஐ 1.8ஆல் பெருக்கினால் 13.3 வாட்-மணி; அனுமதி 100 வரை. எனவே தடையில்லை. எந்தப் பையில் என்பதுதான் விஷயம். விளையாட்டுப் பொருள்களுக்கான சுங்கவரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது முதல் தபாலில் வரவழைப்பது லாபமான காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

ரிமோட்டுக்கு ஏஏ செல் தனியாகப் போட வேண்டும். சார்ஜ் தங்குகிற வகை நிக்கல் செல்கள் 2005இலிருந்து வருகின்றன. சான்யோ அறிமுகப்படுத்திய எனலூப்தான் அதில் பெயர் பெற்றது. அதையே போடுங்கள். சுவர்க் கடிகாரத்தில் செல் ஒழுகிப் பச்சை பூத்ததைப் பார்த்திருப்பீர்கள். ரிமோட்டிலும் அதேதான் நடக்கும். ஒரு மாதம் ஓட்டப் போவதில்லை என்றால் ரிமோட்டிலிருந்து செல்லைக் கழற்றுங்கள். டாங்கியில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பேட்டரி பிளக்கையும் பிடுங்கி, பேட்டரியை வெளியே எடுத்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தனியாக வையுங்கள். நிக்கலை இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது ஏற்றி, ஓட்டி, மறுபடி ஏற்றுங்கள். அந்தத் தேதியைக் காலண்டரில் சிலிண்டர் பதிந்த தேதிக்குப் பக்கத்திலேயே குறித்துவிடலாம்.